செண்பகவல்லி பேர் போட்ட கல்

இந்தப் பக்கமா உக்காருங்க தம்பி. அங்க வேண்டாம், சாக்குக்குள்ள கல்லு இருக்கு, தெரியாம கால் பட்டுடப் போவுது. சங்கரன்கோயில் பஸ்ஸுக்குத்தானே? நானும் அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன். அந்த டீக்கடைக்காரன் இப்ப வந்துரும்ங்கான். பூக்காரம்மா இப்பத்தான் போச்சுங்கா. ரெண்டுல ஒண்ணு பொய்தானே? கேட்டா ரெண்டு பேரும் என்னையத்தான் முறைக்காங்க.

என்ன கல்லுன்னு பாக்கீங்களோ? வெள்ளை மார்பிள். எதுத்தாப்புல கல்லறுக்குற சத்தம் கேக்குல்லா, அந்தப் பட்டறையில பேர் வெட்டி வாங்கிட்டு வாரேன். என் வீட்டுக்காரி பேரு. செண்பகவல்லி. போய்ச் சேந்துட்டா. அவ பேரைக் கல்லுல வெட்டுதது இது ரெண்டாவது தடவை. செத்துப்போன ஒரு மனுசிக்கு எத்தனை தடவை தம்பி பேர் வெட்டுவாங்க? வெட்ட வச்சுட்டான் ஒருத்தன். அவனைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு ஆறும். பஸ்ஸும் வரல, நீங்களும் சும்மாதானே இருக்கீங்க, கேளுங்க.

என் பேரு பலவேசம். எங்க ஊருல மேஸ்திரின்னு கேட்டா யாருன்னாலும் வீட்டைக் காட்டுவாங்க. கொத்தனார் மேஸ்திரின்னு நினைச்சிராதீங்க. சுகாதார மேஸ்திரி. சர்வீஸ் பூரா நகராட்சியிலதான். சாக்கடை, சந்தை, பொதுக் கக்கூஸ், ஆஸ்பத்திரி வாசல், எங்க நாத்தம் அடிச்சாலும் பலவேசத்தைக் கூப்பிடுன்னுவாங்க. ஆளுகளை இறக்கி, நான் முன்னால நின்னு, மூலை முடுக்கெல்லாம் ஆசிட் ஊத்திக் கழுவ வைப்பேன். மந்திரி வாராருன்னா ராத்திரி பகல் பாக்காம நிப்பேன். ஆசிட்டைப் பத்தி ஒருத்தன் எனக்குப் பாடம் எடுக்க முடியாது. அதோடயே கிடந்து தலை நரைச்சவன் நான்.

அப்பவே எனக்குத் துரோகம் செய்யுதவனுவதான் ஜாஸ்தி. தகர வாளி வாங்கிக் குடுத்தா, கொஞ்ச நாள்ல அடியில ஓட்டையோட கொண்டாந்து நிப்பானுவ. ஏம்லே, இரும்பு வாளி எப்படிலே ஓட்டை ஆவும்னு கேட்டா, ஆசிட்டுலதான் மேஸ்திரிம்பானுவ. நல்ல வாளியை வித்துட்டு ஓட்டை வாளியை மாத்திக் கொண்டு வாரானுவ, இது தெரியாதா எனக்கு? ஒருத்தனை அதுக்காக வேலையை விட்டே அனுப்பினேன். கால்ல விழுந்தான். விடலையே! நியாயம்னா நியாயம்.

சரி, கல்லுக்கு வாரேன்.

எங்க தெருவுல உச்சினிமாகாளி அம்மன் கோயில் இருக்கு. சின்னக் கோயில்தான். செண்பகவல்லி வெள்ளிக்கிழமை தவறாமப் போவா. அவ போன பிறகு அவ பேரால அங்க ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு. உபயம்னா எங்க ஊருல டியூப்லைட்டுதான். லைட்டு பூரா பேரை எழுதி வச்சிருப்பானுவ, வெளிச்சம் வெளிய வர வழி இருக்காது. பேருக்கு அலையுத ஜென்மங்க. எனக்கு அது பிடிக்காது. சாமி கும்பிட வாரவங்க கால் தூசி பட்டாத்தான் புண்ணியம்னு, கருவறை வாசப்படிக்குக் கீழ, தரையோட தரையா ஒரு வெள்ளை மார்பிள் பதிச்சேன். 'அமரர் செண்பகவல்லி நினைவாக.' அதுக்குக் கீழ, 'உபயம் பலவேசம், சுகாதார மேஸ்திரி, ஓய்வு.' என் பேரைக் கொஞ்சம் பெருசா, ஆழமா வெட்டிட்டான் பட்டறைக்காரன். நான்தான் அப்படி வெட்டச் சொன்னேன், அது வேற விசயம். குடுக்கவன் யாருன்னு தெரிய வேண்டாமா?

பதிச்ச அன்னைக்கு அது இருந்த இருப்பு இருக்கே! சுத்தி எல்லாம் கருங்கல்லு, நடுவுல அது மட்டும் வெள்ளைவெளேர்னு. வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் குனிஞ்சு, 'செண்பகவல்லி'ன்னு வாய்விட்டுப் படிச்சாளுவ. உயிரோட இருக்கும்போது அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. மேஸ்திரி வீட்டம்மா, அவ்வளவுதான். நானும் கூப்பிட்டதில்ல. 'ஏளா'ம்பேன், அவ்வளவுதான். அன்னைக்குத் தெருவே அவ பேரைச் சொல்லுச்சு. எனக்கு அழுகையை அடக்க முடியல, தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்.

அதுல இருந்து அந்தக் கல்லு என் பொறுப்பு. எண்ணெய், குங்குமம், அபிசேகத் தயிரு, எலுமிச்சைச் சாறு, எல்லாம் அங்கதான் வந்து வடியும். வெள்ளிக்கிழமை கூட்டம் வருமுன்னால, வியாழக்கிழமை சாயங்காலமே போயிருவேன். கையில வாளி, பிரஷ்ஷு, ஆசிட் பாட்டிலு. ஊத்தின உடனே பாக்கணும் நீங்க! பொசபொசன்னு பொங்கும். சோடாவை உடைச்ச மாதிரி சத்தத்தோட நுரை கிளம்பும். அழுக்கு எப்படிக் கிளம்புது பாருங்கன்னு நிக்கவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன். எத்தனையோ கக்கூஸைக் கழுவ வச்சவன் நான், எந்தக் கக்கூஸும் அப்படிப் பொங்கினதில்ல. அப்படின்னா அந்தக் கோயில்ல எவ்வளவு அழுக்கு இருக்கணும்? பூசாரியோட யோக்கியதை எனக்கு அதுலயே தெரிஞ்சு போச்சு.

வேம்பு. அதுதான் பூசாரி பேரு. அவனும் அவன் பொண்டாட்டியும்தான் கோயிலைப் பாத்துக்கிட்டாங்க. மெதுவாப் பேசுவான். எனக்கு மெதுவாப் பேசுதவனைக் கண்டாலே ஆகாது, மனசுல என்ன இருக்குன்னே தெரியாது. முதல்ல வந்து, "அண்ணாச்சி, ஆசிட்டு வேண்டாமே. உள்ள மூச்சு முட்டுது. எம் பொண்டாட்டி விளக்குத் தேய்க்க முடியாம இருமிக்கிட்டே ஓடியாரா"ன்னான். "வே, சுத்தம்னா நாத்தம் இருக்கத்தான்வே செய்யும், கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்"ன்னேன்.

பொம்பளைங்களுக்கே பலவீனமான நெஞ்சு தம்பி. செண்பகவல்லியும் அப்படித்தான். எங்க வீட்டுக் கக்கூஸை ஆசிட் ஊத்தி, மேல பிளீச்சிங் பவுடரையும் தூவித் தேய்க்கச் சொல்லுவேன். ரெண்டும் சேந்தாத்தான் எனக்குத் திருப்தி. மஞ்சளும் பச்சையுமா ஒரு புகை எந்திரிக்கும். முந்தானையை மூக்குல பொத்திக்கிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, இருமிக்கிட்டே வெளிய வருவா. ஏளா, ஒரு நிமிச நாத்தத்தைப் பொறுக்க மாட்டியாம்பேன். திரும்ப உள்ள போவா. எதுத்துப் பேச மாட்டா, அந்த மட்டுக்கும் நல்லவ. நான் வாசல்ல நின்னு, அந்த மூலை, இந்த மூலைன்னு சொல்லிக் குடுப்பேன். எங்க வீட்டுக் கக்கூஸுல இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அவளுக்கு நெஞ்சு பலவீனம், அது அவங்க வீட்டு வாகு. கடைசியில மூச்சு விட முடியாமத்தான் போனா. பாளையங்கோட்டையில டாக்டரு, இவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு கேட்டாரு. "ஒரு வேலையும் இல்லைய்யா, வீட்டுல சும்மாதான் இருந்தா"ன்னேன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்படிப் பாத்தா நான் என்னத்தைச் சொல்ல?

வேம்பு கதைக்கு வாரேன். அடுத்து வந்து, சூலம் துருப்பிடிக்குன்னான். எண்ணெய் போட்டுத் துடைக்காம வச்சிருந்தா இரும்பு துருப்பிடிக்காம வேற என்ன செய்யும்? கருவறைக் கதவுக் கம்பியும் துருவாப் போச்சு. வெண்கல மணி கறுத்துப் போச்சு. கல்லைச் சுத்திப் பூசின சிமெண்டு, விரலால தொட்டா மணலா உதிருது. இத்தனையும் நான் கல்லு பதிச்ச பிறகுதான் நடந்திருக்கு. அதுக்கு முன்னால எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்? பொறாமை. மேஸ்திரி கல்லு மட்டும் பளபளன்னு இருக்கேன்னு ஆளு கோயிலையே கவனிக்காம விட்டுட்டான்.

அப்புறம் கல்லுல கையை வச்சான். முதல்ல மினுமினுப்புப் போச்சு. தடவினா சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரன்னு இருக்கு. அழுக்கு ஏறிட்டுன்னு நான் இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்தினேன். செவ்வாய்க்கிழமையும் வந்து கழுவினேன். பிறகு எழுத்து போவ ஆரம்பிச்சுது. என் பேரு ஆழமா வெட்டினது, அப்படியே நிக்கி. அவ பேருதான் போச்சு. முதல்ல புள்ளி. பிறகு கொம்பு. ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூர்க்காரி ஒருத்தி குனிஞ்சு படிச்சா. "அமரர்... வல்லி நினைவாக"ன்னு படிச்சுட்டு, யாரோ வல்லியாம்னு பக்கத்துல இருந்தவகிட்டச் சொல்லுதா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எம் பொண்டாட்டி யாரோ வல்லியா? அங்கேயே வேம்பு தோள்துண்டைப் பிடிச்சுட்டேன். "மேஸ்திரி பொண்டாட்டி பேரு உம்மை என்னவே செஞ்சுது?"ன்னு கத்தினேன்.

இதுக்கு நடுவுல ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்லுதானுவ. ஹார்டுவேர் கடைக்காரன் சொல்லுதான், "அண்ணாச்சி, மார்பிளுக்கு ஆசிட் ஆகாது, அரிச்சுரும்"னு. நான் விட்டேனா? "வே, கக்கூஸ் பேசின்ல ஊத்துதோம், பேசின் அரிச்சுதா? டைல்ஸுல ஊத்துதோம், டைல்ஸ் அரிச்சுதா? அட, நீரு இந்த ஆசிட்டை எதுலவே வச்சு விக்கீரு? பிளாஸ்டிக் பாட்டில்ல. நகத்தால கீறினா கோடு விழுத பிளாஸ்டிக்கையே ஒண்ணும் செய்யாத ஆசிட்டு, மலையை உடைச்சு எடுத்த கல்லை அரிச்சுருமோ?"ன்னு கேட்டேன். அடுத்த தடவை போனா, ஆசிட்டு இல்லைங்கான். அவன் தலைக்குப் பின்னால வரிசையா அடுக்கி இருக்கு, இல்லைங்கான். வேம்புக்குச் சொந்தக்காரனா இருப்பான்.

சென்னையில இருக்க எம் மவன் சிவபாலன் இருக்கானே, அவன் அதுக்கு மேல. போன்ல சொல்லுதான், "அப்பா, அது ஒரு வகையான சுண்ணாம்புக் கல்லுதான்ப்பா. ஆசிட்டு பட்டாக் கரையும். அந்த நுரை அழுக்கு இல்ல, கல்லே கரைஞ்சு வருது. பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தாராங்க"ன்னு. கல்லு கரையுமாம். சீனியா அது? "யாருக்குலே கதை விடுத?"ன்னு ஏசினேன். அவனுக்கும் கோவம் வந்துட்டு. "அம்மா பேரை வேற யாரும் அழிக்கலப்பா, நீங்கதான் அழிக்கீங்க. பேரை மட்டுமா? அம்மாவையே நீங்க..."ன்னான். அதோட போனை வச்சுட்டான். பிறகு கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கான். அம்மாவையே என்ன? பாதியில விட்டா நான் என்னன்னு எடுத்துக்கிட? ஆம்பளைன்னா பேச்சை முழுசா முடிக்கணும் தம்பி. என்ன சொல்ல வந்தான்னு நினைச்சு நினைச்சு எனக்கு உறக்கமே இல்ல.

அந்தச் சமயம் பாத்து வேம்பு செஞ்ச காரியத்தைக் கேளுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வாளியோட போறேன், கோயில் பூட்டிக் கிடக்கு! ஏன்வே பூட்டினீருன்னு கேட்டா, இனிமே வியாழக்கிழமை சாயங்காலம் நடை திறக்கிறதில்லைங்கான். என் பொண்டாட்டி பேரைக் கழுவ விடாம, அம்மனையே உள்ள வச்சுப் பூட்டிட்டான். இதுக்கு மேல பொறுக்க நான் என்ன கல்லா? கோயில் கமிட்டியைக் கூட்டினேன். ஒண்ணு அவன், இல்ல நானுன்னேன். நான் வரி பிரிச்சுக் குடுக்கவன், கொடைத் திருவிழாவுக்கு முன்னால நிக்கவன். என்னைய விடுவாங்களா?

வேம்பு எந்திரிச்சு நின்னு, அதே மெதுவா, "அண்ணாச்சி, மதினி பேரை நான் எதுக்கு அழிக்கப் போறேன்? அவங்க கையால பூ வாங்கித்தான் வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்துவேன். எம் பொண்டாட்டி பிரசவத்துக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தவங்க அவங்க. நீங்க அந்தக் கல்லைக் கழுவ வரும்போதெல்லாம் அந்தப் பேரு கரைஞ்சு போவுததைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. அதான் பூட்டினேன்"ன்னான். சொல்லிட்டுக் கண்ணுல தண்ணி விடுதான். நடிப்பு! சாவியைக் கற்பூரத் தட்டுல வச்சான், அம்மனை ஒரு பார்வை பாத்தான், பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் புளியங்குடிக்குப் போயிட்டான். அங்க இப்ப யாரோட செங்கச்சூளையிலயோ கல்லு சுமக்கானாம். சுமக்கட்டும். அந்தப் பொம்பளை போவும்போது எங்க வீட்டு வாசல்ல நின்னு, செண்பகவல்லி படத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனா. என்ன மந்திரம் போட்டாளோ?

மந்திரம்னு சும்மா சொல்லல. அவன் போன பிறகு வேற பூசாரி யாரும் வரல. சாவி என்கிட்டத்தான் இருக்கு. விளக்குப் போடுதது நான், கழுவுதது நான். நான் திறக்காம ஒரு ஈ காக்கா உள்ள போவ முடியாது. அப்படி இருந்தும் பேரு அழியுது தம்பி! போன வாரத்தோட முழுசாப் போச்சு. 'அமரர்' இல்ல, 'செண்பகவல்லி' இல்ல, ஒண்ணும் இல்ல. 'உபயம் பலவேசம்'னு என் பேரு மட்டும் நிக்கி. யாருக்காக உபயம்னு கல்லுல இல்ல. அவன் புளியங்குடியில உக்காந்துக்கிட்டு அழிக்கான்னா அது செய்வினை இல்லாம வேற என்ன?

அதான் புதுக்கல்லு. இந்தத் தடவை என் பேரே வேண்டாம்னுட்டேன். அவ பேரு மட்டும். ஆழமா, பெருசா, 'செண்பகவல்லி.' இந்தாங்க, சாக்கை விலக்குதேன், பாருங்க. எப்படி இருக்கு? நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்கே பதிச்சு, ஆசிட் ஊத்தி ஒரு கழுவு கழுவிட்டா, வெள்ளிக்கிழமைக்குத் தெருவே திரும்பவும் படிக்கும்.

என்ன? திரும்பச் சொல்லுங்க.

நீங்களுமா? கதையைப் பூராக் கேட்டுட்டு, நீங்களும் அதையேதான் சொல்லுதீங்களா? ஹார்டுவேர் கடைக்காரன், எம் மவன், கல்லைக் குடுக்கும்போது இந்தப் பட்டறைக்காரன், இப்ப வழியில பாத்த நீங்க! எல்லாருமாப் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? இல்ல, உக்காருங்க, எங்க போறீங்க? பஸ்ஸு வரல. உக்காருங்கங்கேன். நான் காட்டுதேன் உங்களுக்கு. இந்தா, ஆசிட்டு. எங்க ஊர்க்காரன் தர மாட்டான்னு இங்க வாங்கினேன். இது புதுக்கல்லு. இப்பத்தான் மெஷின்ல தேச்சு, துடைச்சுக் குடுத்தான். ஒரு சொட்டு எண்ணெய் படல. ஒரு கால் மிதிக்கல. வேம்பு இதைக் கண்ணால பாத்ததே கிடையாது. இதுல அழுக்கு இல்ல. இல்லைல்லா? அப்ப நுரை வராது. வரக் கூடாது. ஒரே ஒரு மூடிதான் ஊத்துதேன். நல்லாப் பாத்துக்கிட்டுப் போயி எம் மவன்கிட்டயும் சொல்லுங்க.

இந்தா.

பட்டறைத் தூசியா இருக்கும். தூசி இருக்கும்லா தம்பி, கல்லறுக்குற இடம்தானே? இருங்க. துண்டால நல்லாத் துடைச்சுட்டேன். இப்பப் பாருங்க. இன்னொரு மூடி.

பொங்குதே.

சத்தம் கேக்கா உங்களுக்கு? அதே சத்தம். அதே நுரை. இதுல அழுக்கே இல்லையே தம்பி. இது யார் கையும் படாத கல்லு. என் கை மட்டும்தானே பட்டிருக்கு. முதல் எழுத்து இப்பத்தான மினுமினுன்னு இருந்தது? நீங்க பாத்தீங்கள்லா? நான் தொட்டுப் பாக்கேன், சொரசொரன்னு இருக்கு. அவ... ஒவ்வொரு தடவையும் உள்ள போகச் சொன்னனே, வாசல்ல நின்னுக்கிட்டு...

உங்க பையில தண்ணி பாட்டில் இருக்குல்லா? எடுங்க. சீக்கிரம் எடுங்க தம்பி. கல்லு மேல ஊத்துங்க, இங்க, அவ பேரு மேல. பூராவும் ஊத்துங்க. பஸ்ஸு வந்தா வரட்டும், நான் ஏறல. குனியாதீங்க! முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஊத்துங்க தம்பி, இந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.